பிள்ளை பேச்சில் இங்கிலீஷ் கலந்தால் மலையகத் தமிழ் அழிந்துவிடுமா?

இலங்கையின் தேயிலைத் தோட்டப் பகுதியான மலையகத்தில், தலவாக்கலையிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிற கேள்வி இது. மகளுக்கு ஏழு வயது. வீட்டில் வாயைத் திறந்தால் நாலு சொல்லுக்கு ஒன்று இங்கிலீஷ். மாமியார் "இனி இந்த வீட்டுல சுத்தத் தமிழ்தான்" என்கிறார், கணவர் "விடு, இங்கிலீஷ் பழகட்டும்" என்கிறார், வகுப்பு டீச்சர் கட்டுரைக் கொப்பியில் சிவப்புக் கோடு போட்டு அனுப்புகிறார். போதாததற்கு யாழ்ப்பாணத்துத் தோழி ஒருவர், உங்கள் மலையகத் தமிழே கலப்படம்தானே என்று சொல்லிவிட்டார். நம் மொழியை நாமே அழிக்கிறோமா, வீட்டில் என்ன செய்வது என்று கேட்கிறார்.

தங்கச்சி, முதலில் உங்கள் பயத்துக்குப் பதில் சொல்லிவிடுகிறேன், விளக்கம் பிறகு. உங்கள் மகள் பேசுவது தமிழ்தான். அதில் இருக்கிற இங்கிலீஷ் சொற்களால் மலையகத் தமிழ் சாகாது. அதற்காக ஆபத்தே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. ஆபத்து இருக்கிறது, சில இடங்களில் மொழி ஏற்கெனவே போயும்விட்டது. ஆனால் அது போன வழி வேறு, நாம் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிற வழி வேறு. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நீங்கள் உதாரணமாக எழுதிய மகளின் வாக்கியத்தையே எடுத்துக்கொள்வோம். "டீச்சர் ஹோம்வர்க் செக் பண்ணல, ஆனா நான் ஃபினிஷ் பண்ணிட்டேன்னு சொன்னேன்." எண்ணிப் பார்த்தால் டீச்சர், ஹோம்வர்க், செக், ஃபினிஷ் என்று நாலு இங்கிலீஷ் சொல். சரி, மிச்சத்தைப் பாருங்கள். வேலை நடக்கவில்லை என்பதைப் 'பண்ணல' சொல்கிறது. முடிந்தாயிற்று, முடித்தது நான்தான் என்ற இரண்டையும் 'பண்ணிட்டேன்' ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறது. 'னு' என்ற அந்தச் சின்ன ஒட்டு ஒரு முழு வாக்கியத்தை இன்னொரு வாக்கியத்துக்குள் கொண்டுபோய் வைக்கிறது. வினை கடைசியில் வந்து நிற்கிறது. இதையே இங்கிலீஷில் சொல்ல வேண்டுமானால் வரிசை ஏறக்குறையத் தலைகீழாக வேண்டும். செக், ஃபினிஷ் இரண்டும் இங்கிலீஷில் வினைகள், ஆனாலும் தமிழ் வாக்கியத்துக்குள் வந்ததும் அவற்றால் தனியாக நிற்க முடியவில்லை, காலமும் எண்ணும் இடமும் காட்டப் 'பண்ணு' என்ற தமிழ் வினை பக்கத்தில் வரவேண்டியிருக்கிறது. ஏழு வயதில் இதையெல்லாம் யோசிக்காமலே செய்கிற பிள்ளைக்குத் தமிழ் வரவில்லை என்று எப்படிச் சொல்வது?

இது தமிழுக்கு மட்டும் உள்ள விஷயமில்லை. கரோல் மயர்ஸ்-ஸ்கொட்டன் என்ற மொழியியலாளர் கென்யாவில் சுவாஹிலியும் இங்கிலீஷும் கலந்து பேசுகிறவர்களை நெடுங்காலம் ஆராய்ந்து 1993இல் ஒரு கருத்தை முன்வைத்தார். கலந்து பேசும்போது இரண்டு மொழிகளும் சமமாகக் கலப்பதில்லை, ஒரு மொழி வாக்கியத்துக்குச் சட்டகம் கொடுக்கிறது, மற்றது அந்தச் சட்டகத்துக்குள் சொல்லை மட்டும் கொடுக்கிறது என்பது அதன் சாரம். இங்கிலாந்துக்குப் பக்கத்திலேயே இருந்துகொண்டு பல நூற்றாண்டுகளாக இங்கிலீஷோடு மல்லுக்கட்டுகிற வேல்ஸ் மொழியிலும் இதைப் பார்த்திருக்கிறார்கள். அங்கே பாங்கர் பல்கலைக்கழகத்தினர் சுமார் 40 மணிநேர இயல்பான பேச்சைப் பதிவு செய்து அலசியபோது, இரண்டு மொழியும் கலந்த வாக்கியங்களில் ஏறக்குறைய எல்லாமே வேல்ஸ் மொழியின் இலக்கணத்திலேயே அமைந்திருந்தன. வேல்ஸ் மொழி தேயவில்லையா என்றால், தேய்ந்துகொண்டுதான் இருக்கிறது. 2011 கணக்கெடுப்பில் 19 வீதமாக இருந்த பேசுவோர் தொகை 2021இல் 17.8 வீதமாகக் குறைந்துவிட்டது. ஆனால் அதற்கு அங்குள்ளவர்கள் சொல்கிற காரணங்களைக் கேட்டால் நம் ஊர்க் கதை போலவே இருக்கும்: இளைஞர் வேலை தேடி ஊரைவிட்டுப் போவது, பெற்றோர் இருவரில் ஒருவருக்கு மொழி தெரியாமல் இருப்பது, பிள்ளைக்கு அந்த மொழியில் படிக்கப் பாடசாலை கிடைக்காதது.

இன்னொன்றும் சொல்லவேண்டும், ஏனென்றால் "இவள் ஆனாவுக்குப் பதிலா பட் என்கிறாள், ஸோ என்கிறாள், இணைப்புச் சொல்லே போய்விட்டது" என்று நீங்கள் தனியாக வருத்தப்பட்டிருக்கிறீர்கள். உலகத்தில் இரண்டு மொழி பேசுகிற பல சமூகங்களில் எளிதாகக் கடன் வாங்கப்படுகிறவற்றில் இந்த மாதிரிச் சொற்களும் உண்டு, அதிலும் இணைப்புச் சொற்களுக்குள் 'ஆனால்' முன்வரிசையில் நிற்கும். மெக்சிக்கோவின் நவாத்தல் மொழி ஸ்பானியரின் 'ஆனால்' என்ற சொல்லை எடுத்துக்கொண்டது. ஸ்பானியர் வந்து ஐந்நூறு வருடமாகியும் அந்த மொழியைப் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பேசுகிறார்கள். எனவே 'ஸோ'வைப் பார்த்துப் பயப்படவேண்டாம்.

இப்போது உங்கள் தோழி சொன்னதற்கு வருகிறேன். மலையகத் தமிழ் கலப்படம் என்ற இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு நம் பிள்ளைகளில் எத்தனை பேர் கொழும்புக்குப் போனதும் வாயை மூடிக்கொள்கிறார்கள் என்பதை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன், அது எனக்கு ஆறாத கோபம். வெள்ளவத்தையில் கடையில் நிற்கிற பையன் வீட்டுக்கு ஃபோன் கோல் எடுக்கும்போது குரலைத் தணித்துக்கொள்கிறான், தான் தோட்டத்துப் பிள்ளை என்று பக்கத்தில் நிற்பவருக்குத் தெரிந்துவிடுமாம்.

நம் பாட்டிமார் பேச்சை நினைத்துப் பாருங்கள். விடியக்காலை ஆள் எண்ணுகிற பிரட்டுக்குப் போவார்கள், தோட்ட மேற்பார்வையாளரான கண்டக்கையா பேர் போடுவார், ரெண்டாம் நம்பர் மலையில் கொழுந்து எடுப்பார்கள், மடுவத்தில் நிறுப்பார்கள், கொழுந்து தேயிலைத் தொழிற்சாலையான இஸ்டோருக்குப் போகும், நிறை குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், சம்பளப் பதிவேடான செக்ரோலில் அப்படியே விழும். கைப்பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டு மலைக்கு ஏறுவார்கள். சாயங்காலம் வந்து லயத்து இஸ்தோப்பில், அதாவது வரிசை வீட்டுத் திண்ணையில், உட்காருவார்கள். இதில் பிரட்டு, கண்டக்கையா, நம்பர், இஸ்டோர், செக்ரோல், லயம் எல்லாம் இங்கிலீஷிலிருந்து வந்தவை. இஸ்தோப்பு ஒல்லாந்தர் கொடுத்தது, காம்பரா போர்த்துக்கீசர் கொடுத்தது. ஆனால் அந்தப் பாட்டி இங்கிலீஷ் கலந்து பேசுகிறார் என்று யாருக்காவது தோன்றுமா? அவருக்கு ஒரு எழுத்து இங்கிலீஷ் தெரியாது. 1820களில் கோப்பித் தோட்டங்களுக்கு ஆட்களைக் கொண்டுவரத் தொடங்கியது முதல், திருச்சி, சேலம், மதுரைப் பக்கத்துக் கிராமத் தமிழ் இங்கே வந்து, ஊரில் இல்லாத ஒரு வேலைமுறைக்கு நடுவில் விழுந்தது. அந்த வேலைக்கு, அந்த அதிகாரத்துக்கு, அந்த ஒற்றைக் காம்பரா வாழ்க்கைக்கு ஊர்த் தமிழில் ஆயத்தமாகச் சொல் கிடையாது. கிடைத்ததை எடுத்தார்கள், தங்கள் வாய்க்கு ஏற்றபடி மாற்றினார்கள். படிப்பறிவு மறுக்கப்பட்ட மக்கள் ஒரு துறைக்கே தமிழ் உண்டாக்கியிருக்கிறார்கள், அதைக் கலப்படம் என்று சொல்வதற்கு எனக்கு மனம் வரவில்லை.

கடன் ஒருவழியாகவும் போகவில்லை. அந்தக் காலத்துத் துரைமார், அதாவது வெள்ளைக்காரத் தோட்ட அதிகாரிகள், தமிழ் பழகாமல் தோட்டம் நடத்தமுடியாது, புதிதாகக் கப்பலிலிருந்து இறங்கிய சின்னத்துரைமாருக்காகக் கொழும்பில் 19ஆம் நூற்றாண்டிலேயே தமிழ்க் கைநூல்கள் அச்சாகின. கங்காணி, துண்டு (தொழிலாளியின் கடன் சீட்டு), கணக்கப்பிள்ளை போன்றவை அவர்களுடைய இங்கிலீஷ் அறிக்கைகளுக்குள்ளும் அப்படியே ஏறின. பங்களாவில் இருந்துகொண்டு தமிழ்ச் சொல்லைக் கலந்த துரையை யாரும் மொழி கெட்டவன் என்று சொன்னதில்லை. லயத்தில் இருந்துகொண்டு கலந்தவரைத்தான் சொன்னார்கள்.

யாழ்ப்பாணத் தமிழில் மட்டும் என்ன, கதிரை, யன்னல், அலுமாரி, சப்பாத்து, துவாய் என்று போர்த்துக்கீசமும், கந்தோர், லாச்சி என்று ஒல்லாந்தமும் நிறைந்து கிடக்கின்றன. அவை அழகான சொற்கள், நானும் சொல்கிறேன். பழசாகிவிட்டதால் அவை தமிழாகத் தெரிகின்றன, அவ்வளவுதான். தோழியிடம் சண்டைபிடிக்க வேண்டாம், ஆனால் தலைகுனியவும் வேண்டாம்.

அதேபோல இப்போதைய சொற்களையும் பாருங்கள். தமிழ்நாட்டில் "கால் பண்ணினேன்" என்பார்கள், இங்கே "கோல் எடுத்தேன்" என்கிறோம். அங்கே ரீசார்ஜ், இங்கே ரீலோட். கொழும்பில் "போடிங்ல இருக்கேன்", "கார்மண்ட்ல வேல", ஆட்டோ ஓட்டுகிற தம்பிக்கு "ஹயர் ஒன்னு வந்திருக்கு". தோட்டத்தை விட்டு வெளியே வந்த ஒரு தலைமுறை தன் புது வாழ்க்கைக்குச் சொல் தேடுகிறது, பாட்டிமார் செய்த அதே வேலை. சிங்களத்திலிருந்தும் வருகிறது: சமுர்த்தி, அஸ்வெசும, மஹபொல என்ற அரச உதவித் திட்டங்களின் பெயர்கள் எல்லாம் நாம் மொழிபெயர்க்காமல் அப்படியே சொல்கிறவை. இவற்றைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை, இங்கிலீஷைக் கண்டால் மட்டும் பதறுகிறோம்.

சரி, அப்படியானால் மொழி எங்கே போகிறது?

காலி, மாத்தறை, களுத்துறை, கேகாலைப் பக்கத்துத் தோட்டங்களுக்குப் போய்ப் பாருங்கள். நம்மைப் போலவே வந்த மக்கள், நம்மைப் போலவே தமிழ் பேசியவர்கள். பல இடங்களில் பக்கத்தில் தமிழ்ப் பாடசாலை இல்லை, இருந்தால் மேல்வகுப்பு இல்லை, ஏஎல், அதாவது உயர்தரம், வரைக்கும் படிக்கவேண்டுமானால் வெகுதூரம் போகவேண்டும். பெற்றோர் என்ன செய்வார்கள், பக்கத்துச் சிங்களப் பாடசாலையில் சேர்க்கிறார்கள், அதில் குறைசொல்ல எனக்கு வாயில்லை, பிள்ளை படிக்கவேண்டுமே. அந்தப் பிள்ளைக்கு எழுத்து சிங்களம், விளையாட்டு சிங்களம், நண்பர்கள் சிங்களம், தமிழ் அம்மாவோடு மட்டும். வளர்ந்து திருமணம் செய்து அதற்குப் பிள்ளை பிறக்கும்போது அம்மாவோடும் சிங்களம் ஆகிவிடுகிறது. தாத்தா தமிழில் கேட்கிறார், பேரன் சிங்களத்தில் பதில் சொல்கிறான், அடுத்த பேரனுக்குக் கேள்வியே விளங்குவதில்லை. இந்த வீடுகளில் மொழி போனதற்கும் இங்கிலீஷுக்கும் சம்பந்தமே இல்லை. போன தமிழில் இங்கிலீஷ் கலப்பு உங்கள் மகளின் தமிழைவிடக் குறைவாகவே இருந்திருக்கும். பேச ஆளும் இடமும் இல்லாமல் போனதால் போயிற்று. மொழிகள் அழிவதைப் பற்றி யுனெஸ்கோ நிபுணர்கள் 2003இல் ஒன்பது அளவுகோல்களைக் கொடுத்தபோதும் முதலில் வைத்தது இதைத்தான், பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு மொழி போகிறதா என்பதை.

இன்னொரு உதாரணம், இதை எல்லோரும் யோசிக்கவேண்டும். நம் பிள்ளை "நான் ஓஎல் எழுதுறேன்" என்று சொல்கிறது. சாதாரண தரப் பரீட்சைக்கான இந்த 'ஓஎல்' சுத்தமான இங்கிலீஷ் எழுத்து. ஆனால் அந்தப் பிள்ளை கணிதத்தைத் தமிழில் எழுதுகிறது, விஞ்ஞானத்தைத் தமிழில் எழுதுகிறது, வரலாற்றைத் தமிழில் எழுதுகிறது, அப்புறம் ஏஎல்லில் பௌதிகவியலும் இரசாயனவியலும் தமிழிலேயே படிக்கிறது. இவ்வளவு ஆழமாகத் தமிழ் வேலை செய்கிற இடத்துக்கு இங்கிலீஷ்ப் பெயர். இப்போது அப்படியே திரும்பி, நம் நகரங்களில் ஓர் அரச அலுவலகத்துக்குப் போங்கள். வாசலில் பிழையில்லாத தமிழில் பெயர்ப்பலகை, ஒரு இங்கிலீஷ் சொல் கிடையாது. உள்ளே போனால் பல இடங்களில் தமிழ் தெரிந்த ஒருவர் இருக்கமாட்டார், படிவம் சிங்களத்தில், பதில் சிங்களத்தில். பொலிஸில் கொடுத்த வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதி, வாசிக்கத் தெரியாத ஒருவரிடம் கையெழுத்து வாங்குகிற நிலையும் இருக்கிறது. இந்த இரண்டில் எங்கே தமிழ் உயிரோடு இருக்கிறது, எங்கே இல்லை? சொல்லை எண்ணுகிறவர் இரண்டையும் தலைகீழாகத்தான் சொல்லுவார்.

நம் மக்களுக்கு நடந்ததை நினைத்தால், 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்டது, 1956இல் சிங்களம் மட்டும் ஆட்சிமொழி ஆனது, 1964 இலங்கை-இந்திய ஒப்பந்தத்தில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கு அனுப்பத் தீர்மானித்தார்கள். குடும்பம் குடும்பமாகப் பிரிந்து போனார்கள். மிஞ்சியவர்களின் பிள்ளைகளுக்கு எழுபதுகளின் பிற்பகுதி வரை பெரும்பாலும் ஐந்தாம் வகுப்போடு நிற்கிற தோட்டப் பாடசாலைதான். அத்தனையையும் தாண்டித் தமிழ் நின்றது. 2012 கணக்கெடுப்பில் இந்திய வம்சாவளித் தமிழர் என்று பதிந்தவர்களே 8 இலட்சத்து 39 ஆயிரம் பேர், இலங்கைத் தமிழர் என்று பதிந்துகொண்ட மலையகத்தவர்களைச் சேர்த்தால் இன்னும் கூடும். லயத்தில் பக்கத்துக் காம்பராவில் பேச ஆள் இருந்தது, கோயிலும் காமன் கூத்தும் தப்பு மேளமும் இருந்தன, தொழிற்சங்கக் கூட்டம் தமிழில் நடந்தது, பிறகு பாடசாலையும் தமிழில் வந்தது. இன்று லயத்தை விட்டு வெளியே வருவது நல்லதுதான், வரத்தான் வேண்டும், ஆனால் வெளியே வந்த பிள்ளைக்கு அந்த ஆட்களும் இடங்களும் வேறு விதத்தில் கிடைக்கின்றனவா என்பதையே நான் கேட்பேன்.

எல்லாக் கலப்பும் ஒன்றுதான், எதைப் பற்றியும் கவலை வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளவேண்டாம். ஒரு கலப்பு எனக்குப் பிடிக்காது, அதை வெளிப்படையாகவே சொல்கிறேன்: அங்கிள், ஆன்ட்டி. ஹோம்வர்க் என்று ஒரு சொல் வந்தால் தமிழில் எதுவும் குறைவதில்லை. ஆனால் மாமா, சித்தப்பா, பெரியப்பா மூவரும் அங்கிள் ஆகும்போது ஒரு அமைப்பே போகிறது. நம்மிடையே மாமன் மகள் முறைப்பெண், சித்தப்பா மகள் தங்கச்சி. யார் சீர் கொண்டுவருவது, காதுகுத்துக்கு யார் மடியில் பிள்ளையை வைப்பது, சாவீட்டில் யார் என்ன செய்வது எல்லாம் அந்தச் சொற்களில்தான் இருக்கிறது. அம்மாயி, அப்பாயி இருவரும் கிரான்மா ஆனால் பிள்ளைக்கு யார் எந்தப் பக்கத்து உறவு என்பதே மங்கிப்போகும். வீட்டில் ஒரேயொரு சட்டம் போடுவதென்றால் இதற்குப் போடுங்கள், உறவுமுறை தமிழில்தான் என்று. ரோட்டில் பார்க்கிற தெரியாதவர் அங்கிளாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

அடுத்தது எண்ணும் நிறமும். "ரெட் கலர் பென்சில், ஃபைவ் ருபீஸ்" என்று பிள்ளை சொன்னால் அதில் குற்றமில்லை, ஆனால் சிவப்பு என்றால் எது, முப்பத்தேழு என்றால் எவ்வளவு என்று யோசிக்கவேண்டியிருந்தால் அது கவலை. கணிதப் பாடம் தமிழில் நடக்கிறது, எண் தடுமாறினால் கணிதமும் தடுமாறும். இதைச் சரிசெய்யப் பிரசங்கம் தேவையில்லை. கடைக்குப் போகும்போது காசைத் தமிழில் எண்ணிக் கொடுக்கச் சொல்லுங்கள், ஒரு மாதத்தில் பிடித்துக்கொள்ளும்.

கணவர் சொல்வதற்கும் பதில் வேண்டுமே. இங்கிலீஷ் வேண்டும் என்ற அவருடைய ஆசை முழுக்க நியாயம். நம் பிள்ளைகள் கொழும்பில் ஒரு நேர்முகத் தேர்வில் வாய்திறக்க முடியாமல் திரும்பி வருவதைப் பார்த்தவர்கள் யாரும் அதைக் குறைசொல்ல மாட்டார்கள். ஆனால் அவர் நினைக்கிற வழியில் இங்கிலீஷ் வராது. மேலே பார்த்தோமே, கலந்து பேசும்போது சட்டகம் தமிழ், வந்து விழுவது தனிச்சொற்கள். பத்து வருடம் அப்படிப் பேசினாலும் பிள்ளைக்கு ஆயிரம் இங்கிலீஷ் சொற்கள் தெரியும், ஒரு இங்கிலீஷ் வாக்கியம் சுயமாக வராது. நம் பாட்டிக்குச் செக்ரோலும் இஸ்டோரும் தெரிந்திருந்தும் இங்கிலீஷ் வரவில்லை. இங்கிலீஷ் வரவேண்டுமானால் இங்கிலீஷை இங்கிலீஷாகவே கொடுக்கவேண்டும்: படமுள்ள சின்னக் கதைப் புத்தகத்தை ஒவ்வொரு நாளும் முழு வாக்கியங்களாக வாசிப்பது, ஒரு கேள்விக்கு முழு வாக்கியத்தில் பதில் சொல்லவைப்பது, பாட்டு, கார்ட்டூன். அதற்கு ஒரு நேரத்தை ஒதுக்கி அவரே அதைப் பொறுப்பெடுக்கட்டும். இரண்டு மொழி ஒரு பிள்ளையைக் குழப்பும் என்ற பயம் வேண்டாம். இரண்டு வயதுக் குழந்தைகளே அம்மாவோடு ஒரு மொழி, அப்பாவோடு ஒரு மொழி என்று ஆளைப் பார்த்து மாற்றுவதை ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். இரண்டிலும் முழு வாக்கியம் கிடைக்கவேண்டும், அதுதான் முக்கியம்.

மாமியாருக்கு. பேத்தி பேசும்போது இடையில் நிறுத்தி "அது பஸ் இல்ல, பேருந்து" என்று திருத்தவேண்டாம் என்று பணிவாகச் சொல்லுங்கள். பிள்ளை பாடசாலையில் நடந்த சண்டையைச் சொல்ல ஓடி வருகிறது, நாம் சொல்லைப் பிடித்து நிறுத்துகிறோம், இரண்டு தரம் நடந்தால் மூன்றாம் தரம் அது கதையே சொல்லாது. அப்புறம் மொழி எங்கிருந்து வளரும்? அவருக்கு வேறு பெரிய வேலை இருக்கிறது. தான் சின்ன வயதில் மலையில் பார்த்தது, கேட்டது எல்லாவற்றையும் பேத்திக்குச் சொல்லட்டும், அதைப் பேத்தி திருப்பிச் சொல்லட்டும். பிள்ளைக்கு மொழி இருக்கிறதா என்று பார்க்க எனக்குத் தெரிந்த நல்ல சோதனையும் இதுதான்: ஒரு நீளமான கதையைத் தொடக்கம் முதல் முடிவு வரை, இங்கிலீஷ் தெரியாத ஒருவருக்கு விளங்குகிற மாதிரிச் சொல்லமுடிகிறதா? நடுவில் நாலு இங்கிலீஷ் வந்தால் வரட்டும். கோபத்தில் திட்டவும், அழுகிறவரைத் தேற்றவும், ஏன் அப்படிச் செய்தாய் என்று விளக்கம் கேட்கவும் தமிழில் முடிந்தால் மொழி நன்றாக இருக்கிறது. தமிழில் கேட்டதற்கு எப்போதும் வேறு மொழியில் பதில் வரத் தொடங்கினால் அன்றைக்கு எனக்கு எழுதுங்கள், உடனே ஏதாவது செய்யவேண்டும்.

டீச்சர் போட்ட சிவப்புக் கோட்டில் தவறில்லை. எழுத்துத் தமிழ் வேறு, பேச்சுத் தமிழ் வேறு, எல்லாத் தமிழ்ப் பிள்ளைகளும் இரண்டையும் படிக்கத்தான் வேண்டும். கட்டுரையில் ஹோம்வர்க் என்று எழுதினால் புள்ளி போகும், 'பண்ணல' என்று எழுதினாலும் போகும். பிள்ளைக்கு அதையே சொல்லுங்கள்: வீட்டில் ஹோம்வர்க், கொப்பியில் வீட்டுப்பாடம், இரண்டும் சரி, இடம்தான் வேறு. பிள்ளைகளுக்கு இது சீக்கிரம் பிடிபடும். வீட்டுப் பேச்சு அசிங்கம் என்று டீச்சர் வகுப்பில் சொல்வதாக இருந்தால் மட்டும் போய்க் கதையுங்கள், அது வேறு பிரச்சினை.

பெரியவர்கள் நமக்கும் இதே பாடம் உண்டு. தோட்டத்தில் எல்லோருக்கும் ஈபிஎஃப் தெரியும். சம்பளத்தில் 8 வீதம் பிடிக்கிறார்கள், கம்பனி 12 வீதம் போடவேண்டும், ஈடிஎஃப் என்ற ஊழியர் நம்பிக்கை நிதிக்குத் தனியாக 3 வீதம் என்று அக்காமார் கணக்குச் சொல்லுவார்கள். ஆனால் 'ஊழியர் சேமலாப நிதி' என்று தமிழில் ஒரு கடிதம் வந்தால் அது என்ன காகிதம் என்று தெரியாமல் வைத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள், தங்கள் சொந்தப் பணம் பற்றிய கடிதம் அது. ஈபிஎஃப் என்று சொல்லவேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன், பேச்சில் அதுதான் இலகு. இரண்டு பெயரும் தெரிந்திருக்கவேண்டும். ஜீஎஸ் என்று சொல்லுகிறோம், படிவத்தில் கிராம உத்தியோகத்தர் என்று இருக்கும். மகளையும் பக்கத்தில் உட்காரவைத்து இப்படியான காகிதங்களைச் சத்தமாக வாசியுங்கள், கொஞ்சம் கொஞ்சமாக அவளே வாசித்து மாமியாருக்கு விளக்கட்டும்.

அந்தக் காகிதம் தமிழில் வராவிட்டால் விட்டுவிடாதீர்கள். 1987இல் வந்த அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தில் தமிழும் ஆட்சிமொழி ஆகிவிட்டது. நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் பல பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழி நிர்வாகப் பிரிவுகளாக அறிவிக்கப்பட்டிருக்கின்றன. அப்படி அறிவிக்கப்படாத இடத்திலும் அரச அலுவலகத்தோடு தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் நமக்கு அரசியலமைப்பில் உரிமை இருக்கிறது. அலுவலகத்தில் "சிங்களத்துல நிரப்பிக் குடுங்க" என்றால், தமிழ்ப் படிவம் தாருங்கள் என்று ஒருதரம் கேளுங்கள். இல்லை என்றால் திகதியையும் அலுவலகத்தையும் கேட்ட படிவத்தையும் குறித்துக்கொண்டு, இராஜகிரியவில் இருக்கிற அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு ஒரு முறைப்பாடு எழுதுங்கள். 1991ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி விசாரிக்கவேண்டியது அவர்கள் பொறுப்பு. வக்கீல் தேவையில்லை, கையால் எழுதினாலே போதும், தமிழிலேயே எழுதலாம். உங்களுக்கு எழுத நேரமில்லை என்றால் விவரத்தை எனக்கு அனுப்புங்கள், கடிதத்தை நான் எழுதித் தருகிறேன்.